ஜெர்மனிக்குப் போகாத ரைட் பேக்

ஜாபர்ண்ணா, நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இன்னும் நான் வாயைத் திறந்தால் ஜனங்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். நீ மவுத்தான மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து, டீ டம்ளர் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்போதே உன் டீம் ஆள் ஒருத்தன் என் பக்கத்தில் வந்து குந்தி, "சாதிக்கு, அந்த ஜெர்மனி கதையைச் சொல்லேன்" என்றான். அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி அழுதாள்.

அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் எனக்குக் கூடுதலாக வந்துவிடும். எழுதினால் கை வலிக்கும், அளவாக நிற்கும்.

படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். நான் மைக்கில் பொய் சொல்லிப் பிழைத்தவன். எட்டாவது ஃபெயில் ஆனதும் ஓசூரில் முனிராஜண்ணன் மைக் செட் கடையில் சேர்ந்தேன். முதலில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற வேலை. ஒரு நாள் கல்யாண வீட்டில் அறிவிப்பு சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ பேசுடா" என்று முனிராஜண்ணன் மைக்கை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், அதற்கு அப்புறம் யாராலும் அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. (என் பெயர் சாதிக். உண்மை பேசுகிறவன் என்று அர்த்தமாம். பெயர் வைத்த அஜரத் மேல் தப்பு இல்லை.)

எங்கள் தொழிலில் ஒருத்தரை உள்ளபடி அறிமுகம் செய்யக் கூடாது. கோயிலுக்கு இரண்டு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் 'இருளை விரட்டிய வள்ளல்'. வார்டு தேர்தலில் தோற்றவர் 'மக்கள் மனதில் என்றும் வென்றவர்'. இப்படிச் சொன்னால்தான் அடுத்த விசேஷத்துக்கும் நம் செட்டைக் கூப்பிடுவார்கள். குந்தாரப்பள்ளி சந்தையில் ஒரு தடவை காணாமல் போன காளையைப் பற்றி அறிவிக்கச் சொன்னார்கள். நான் அரை மணி நேரம் வர்ணித்தேன். காளையைப் பிடித்து வைத்திருந்தவன், "நம்மகிட்ட இருக்கறது வேற மாடுப்பா" என்று அவிழ்த்து விட்டுவிட்டான். அந்த அளவுக்குத் தொழில் சுத்தம்.

என் அண்ணன் ஜாபர் எனக்கு நேர் எதிர். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். 'ஆமா', 'இல்ல', 'பாத்துக்கலாம்', இந்த மூன்று வார்த்தையில் ஒரு நாளை ஓட்டிவிடுவான். தொழிற்பேட்டையில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஐந்து வருடமாக டெம்ப்ரவரி. டெம்ப்ரவரி என்றால் என்ன என்று எங்கள் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலையில் கேட்டில் உள்ளே விடும் வரைக்கும் இன்று வேலை உண்டா என்று தெரியாது. பண்டிகைக்கு முந்தின வாரம் நிறுத்துவார்கள், அடுத்த வாரம் புதுசாகச் சேர்ப்பார்கள். அண்ணனுக்கு அப்போது இருபத்தேழு வயது. எங்களைப் பெற்ற அத்தாவின் நினைப்பெல்லாம் ஒன்றுதான்: பெரியவன் பர்மனென்ட் ஆகிவிட வேண்டும். அண்ணனும் அதையேதான் நினைத்தான், சொல்ல மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் பந்து ஆடப் போவான். ஏரிக்கரை ஃபுட்பால் டீம். ரைட் பேக், வலது ஓரத்தில் நின்று தடுக்கிறவன். அந்த இடத்தில் ஆடுகிறவனை யாரும் பார்க்க மாட்டார்கள். எதிர் டீம் ஆள் தாண்டிப் போனால் மட்டும்தான் அப்படி ஒருத்தன் இருப்பதே தெரியும். அண்ணனுக்குப் பொருத்தமான இடம்.

அந்த வருடம் கம்பெனிக்கு ஜெர்மனியில் இருந்து ஒரு பெரிய பிரஸ் மிஷின் வந்தது. அதை நிறுத்திக் கொடுக்க ஒரு ஆளும் வந்தார். பெயர் குர்ட். ஆறடிக்கு மேலே. வெயிலில் காது இரண்டும் தக்காளி மாதிரி இருக்கும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அவருக்கு உதவி ஃபிட்டராக அண்ணனைப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது கொஞ்சம் இங்கிலீஷும் நிறைய ஸ்பேனரும்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், பழைய துணியைச் சுருட்டிக் கட்டி ஷெட் பக்கத்தில் ஆட்கள் உதைத்துக்கொண்டிருந்தார்களாம். அது உருண்டு குர்ட் சார் பக்கம் போயிருக்கிறது. அவர் பிரெட் தின்றுகொண்டே, பார்க்காமல் காலை நீட்டி நிறுத்தியிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணன் என்னிடம் வழக்கத்துக்கு மாறாகப் பேசினான்.

"ஒரு நிறுத்துதான்டா. அதுலயே தெரிஞ்சுபோச்சு. நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒதைக்கத் தெரியும். நிறுத்தத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?"

அதற்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் மிஷினுக்கு நட்டு முடுக்கிக்கொண்டே அவரிடம் கேட்டுக் கேட்டு, அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டான். பதினேழு வயதில் அவர் ஊர் ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை பழகச் சேர்ந்தார். அதே ஊர் கிளப்பில் ஆட ஆரம்பித்தார். சின்ன கிளப். காலையில் ஷிப்ட், சாயங்காலம் பிராக்டிஸ். பதினோரு வருடம் ரைட் பேக். முட்டி போனது. வெளியில் இருந்து ஆள் கொண்டு வர கிளப்புக்கு வசதி இல்லாததால் இவரையே மேனேஜர் ஆக்கினார்கள். நம் கம்பெனி மேனேஜர் மாதிரி கண்ணாடி ரூம் எல்லாம் கிடையாது. யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு பண்ணுகிறவர். முதல் வருடம் சுமாராகப் போனது. இரண்டாவது வருடம் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. கடைசி மேட்சில் தன்னோடு சின்ன வயதிலிருந்து ஆடியவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அவன் ஆடுகிற நிலைமையில் இல்லை, முட்டி வீங்கியிருந்தது. ஆனாலும் தோற்றதும் ஊரே இவரைத்தான் திட்டியது. மூன்று வரி லெட்டர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை ஃபேக்டரிக்குப் போனால் பக்கத்து லேத்தில் அதே நண்பன். ஒரு வருடம் பேசவில்லையாம்.

"அதுக்கப்புறம் எப்புடிண்ணா பேசினாங்க?" என்று கேட்டேன்.

"மிஷின் நின்னுபோச்சாம். ஸ்பேனர் கேட்டானாம்."

இதற்குச் சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் சிரித்தான்.

அப்போதுதான் விஷயம் பெரிதானது. கம்பெனி தனக்கென்று ஒரு ஃபுட்பால் டீம் ஆரம்பிக்கப் போகிறது, அதற்காக ஏரிக்கரை டீமில் இருக்கிற டெம்ப்ரவரி ஆட்களில் இரண்டு பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஏரிக்கரை டீம் ஊர்ப் போட்டியில் ஃபைனலுக்கு வந்திருந்தது. எதிர் டீம் கர்நாடக பார்டருக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல். கம்பெனியின் பெரிய தலை ஜி.எம். நேரில் வந்து பார்த்து, அங்கேயே பெயரை அறிவிப்பார் என்று, ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசர் சொல்லிவிட்டார். அந்த இரண்டு பெயரில் ஒன்று ஜாபர் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் குர்ட் சாரைப் போய்க் கேட்டான், இந்த ஒரு மேட்சுக்கு மேனேஜராக நிற்க முடியுமா என்று. அவர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாவது நாள் ஒரு பேப்பரில் பதினொரு பெயரை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாராம்.

மைக் நம் செட். பெரிய விருந்தாளி என்றால் வாழ்க்கைக் குறிப்பு படிக்க வேண்டும் இல்லையா. அண்ணன் தன் கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தான்.

"இதை அப்படியே படி. ஒரு எழுத்துகூட சேக்காத."

வாங்கிப் பார்த்தேன். 'குர்ட். ஃபிட்டர். பதினோரு வருஷம் ஒரே டீம். ரைட் பேக். மூன்று கோல், அதில் ஒன்று தன் டீம் கோலிலேயே. முட்டி போனது. இரண்டு வருஷம் மேனேஜர். டீம் இறங்கியது.'

"என்னாண்ணா இது? ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி கீது. இதை மைக்ல படிச்சா அந்தாளுக்கு அவமானம் இல்ல?"

"அவரே சொன்னதுடா. அவருக்கு அவமானமா இல்ல. உனக்கு ஏன் ஆவுது?"

"ஜெர்மனி போன மாசம்தான் உலகக் கோப்பை ஜெயிச்சிக்கீது. ஊரே டி.வி.ல பாத்துச்சு. ஜெர்மனிக்காரரைக் கூட்டி வந்து தோத்த கதையைச் சொல்லச் சொல்றியே."

"சாதிக்கு." அண்ணன் என் பெயரை முழுசாகச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "சேக்காத."

சேர்க்க மாட்டேன் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நானே நம்பினேன்.

ஃபைனல் அன்றைக்கு மைதானம் நிறைந்துவிட்டது. மரத்தின் மேல், லாரியின் மேல், காம்பவுண்டு சுவரின் மேல் ஆட்கள். மேடையில் சோபா. ஜி.எம்., பர்சனல் ஆபீசர், நடுவில் குர்ட் சார். அவர் கழுத்தில் போட்ட ரோஜா மாலை அவரே தூக்க முடியாத கனம். சால்வை வேறு. காது இரண்டும் மாலைக்கு மேட்சாக இருந்தன. ஏரிக்கரை டீமும் ஆனேக்கல் டீமும் வரிசையில் நின்றன. அத்தா வெள்ளை ஜிப்பா போட்டு முதல் வரிசையில்.

நான் தாளைப் பிரித்து மைக் முன்னால் நின்றேன். 'குர்ட். ஃபிட்டர்.' என்று படித்தேன். 'ஃபிட்டர்' என்றதும் சுவர் மேல் இருந்த ஒருத்தன் இறங்கப் பார்த்தான்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. என் மைக்கில் இருந்து ஒரு ஆள் இறங்கிப் போனதே இல்லை.

"...என்று தன்னடக்கத்தோடு தன்னைச் சொல்லிக்கொள்ளும் மாமனிதர்," என்று ஆரம்பித்தேன். அதற்கு அப்புறம் தாள் எங்கே போனது என்று தெரியாது. உலகக் கோப்பையில் மூன்று முறை ஆடினார் என்றேன். பாதி மைதானத்தில் இருந்து அடித்தால் வலை கிழியும் என்றேன். எதிர் டீம் கோல்கீப்பர்கள் இவர் வருகிறார் என்று கேட்டாலே லீவு போடுவார்கள் என்றேன். போன மாதம் ஜெயித்த கோப்பைக்குப் பின்னால் இருந்த மூளை இதோ இந்த சோபாவில் உட்கார்ந்திருக்கிறது என்று முடித்தேன். விசில் சத்தத்தில் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. இறங்கப் போனவன் மறுபடி சுவரில் ஏறிக்கொண்டான்.

வரிசையில் நின்ற அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜி.எம். ஆச்சரியமாகத் திரும்பி குர்ட் சாரிடம் இங்கிலீஷில் எல்லாவற்றையும் கேட்டார். அவர் முகம் சிவப்பிலிருந்து வெள்ளை ஆனது. எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, என் கையில் இருந்து மைக்கை வாங்கினார். அவர் ஒவ்வொரு வரி சொல்ல, பர்சனல் ஆபீசர் தமிழில் சொன்னார்.

"இவர் சொன்ன ஆள் நான் இல்லை. நான் ஃபிட்டர். சின்ன ஊரில் ஆடினேன். மூன்று கோல் அடித்தேன். ஒன்று எங்கள் கோலில். மேனேஜராக இருந்தேன். டீம் தோற்றது. என்னை அனுப்பிவிட்டார்கள்."

நான் செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் கூட்டம் முன்னைவிட இரண்டு மடங்கு கை தட்டியது.

"பாத்தியா, எவ்ளோ பெரிய ஆளு, எவ்ளோ அடக்கம்" என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தா அவரிடம், "நெறைகொடம்ங்க" என்றார்.

குர்ட் சார் மறுபடி ஒரு தடவை சொன்னார். மறுபடி கை தட்டினார்கள். அவர் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. பழுதான மிஷினைப் பார்க்கிற பார்வை.

இதோடு நின்றிருந்தால் இது வெறும் வேடிக்கை. இதை நான் எழுதவே வேண்டியதில்லை. பெரிய பொய் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஜி.எம்.முக்கே அது புளுகு என்று புரிந்துவிட்டது, சிரித்துக்கொண்டார். நாசம் செய்தது அதற்கு அப்புறம், நம்புகிற அளவில் சொன்ன சின்னப் பொய்.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் வர்ணனை. குர்ட் சார் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மைதானத்துக் கோட்டுக்கு வெளியே, இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டு நின்றார். ஒரு வார்த்தை கத்தவில்லை. மேனேஜர் என்றால் கத்துவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். நான் அவருக்கும் சேர்த்துக் கத்தினேன். ஆனேக்கல் பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர், "ஏ மைக்கு, சொல்ப சும்னே இரப்பா" என்று கன்னடத்தில் கெஞ்சினார். கொஞ்ச நேரம் சும்மா இரு என்று. அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் ஆள் ஒருத்தன் இடது பக்கமாகப் பறந்து வந்தான். எதிரில் கோல்கீப்பர் நாகராஜ் மட்டும்தான். (நாகராஜ் நல்ல கீப்பர், அண்ணன் மாதிரியே கம்பெனியில் டெம்ப்ரவரி. ஆனால் பந்தைப் பார்த்தால் முதலில் கண்ணை மூடிக்கொள்வான்.) அண்ணன் எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. சரளைக் கல் தரையில் அப்படியே சறுக்கினான். ஆளைத் தொடவில்லை, பந்தை மட்டும் எடுத்தான். எழுந்தபோது தொடையெல்லாம் ரத்தம். நிதானமாகத் தலையைத் தூக்கிப் பார்த்து முன்னால் தட்டினான். எங்கள் ஃபார்வர்டு ஒரே உதை. கோல்.

கூட்டம் ஃபார்வர்டைத் தூக்கிக்கொண்டு ஆடியது. அண்ணனை யாரும் பார்க்கவில்லை. அவன் காலில் இருந்து கல்லைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பத் தன் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தான். என் அண்ணனை ஊர் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். நான் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அல்லாவுக்குத் தெரியும்.

"இந்தக் காலைப் பாருங்கள்," என்றேன் மைக்கில். "குர்ட் சாரே பார்த்து, அடுத்த மாதம் தன் ஊர் கம்பெனிக்கு, ஜெர்மனிக்கு அழைத்துப் போகிற கால் இது. நம்ம ஏரிக்கரை ஜாபர் ஜெர்மனி போகிறார்."

எல்லாத் தலையும் அண்ணன் பக்கம் திரும்பியது. அதைத்தானே விரும்பினேன். மேடையில் இருந்த தலையும் திரும்பியது.

ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம். பரிசு கொடுக்க ஜி.எம். எழுந்தார்.

"பர்மனென்ட் பண்ற ரெண்டு பேர்ல ஒருத்தர், கோல் போட்ட நம்ம ஃபார்வர்டு. இன்னொண்ணு ஜாபர் பேருதான் எழுதி வெச்சிருந்தேன். ஆனா இப்பத்தான் சந்தோஷமான சேதி கேட்டேன். ஜெர்மனி போறவரை நாம இங்க புடிச்சு வெக்கலாமா? அவருக்கு சால்வை. அவர் இடத்தை கோல்கீப்பர் நாகராஜுக்குக் குடுக்கறோம்."

சொல்லிவிட்டு குர்ட் சார் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களுக்குப் பெரிய மனசு என்று இங்கிலீஷில் சொன்னார். மேட்சுக்கு வந்து நின்றதற்குத்தான் நன்றி சொல்கிறார் என்று நினைத்த குர்ட் சார், "யெஸ், யெஸ்" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். அதோடு என் பொய்க்கு முத்திரையும் விழுந்துவிட்டது.

அண்ணன் மேடைக்கு வந்தான். தொடையில் ரத்தம் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. சால்வையைப் போட்டார்கள். மைக்குக்கு வந்தான். நான் மைக்கை விடாமல் நீட்டினேன். அண்ணன் என் கை மேலேயே தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தான். என்னைப் பார்த்தான். முன்வரிசையில் அத்தா பக்கத்து ஆளிடம், "ஜெர்மனியா? என்கிட்டகூட சொல்லலைங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றான் அண்ணன். "நாகராஜ் நல்ல கீப்பர்."

அவ்வளவுதான். இறங்கிவிட்டான்.

சாமானைக் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு நடந்து வரும்போது நான் அழுதேன்.

"நீ ஏண்ணா சொல்லல? பொய்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்புடிச் சொல்றது? அத்தன பேர் முன்னாடி என் தம்பி பொய்யன்னு நானே சொல்லணுமா?" கொஞ்ச தூரம் நடந்தான். "சொன்னாலும் அடக்கம்னு கை தட்டியிருப்பானுங்க."

மறுநாள் காலையில் அண்ணன், நான், குர்ட் சார் மூன்று பேரும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். ஆபீஸ் மாடியில். குர்ட் சார் ஒவ்வொரு படியாக ஏறினார். விஷயம் தெரிந்ததும் அவர் ஜெர்மன் மொழியில் என்னிடம் ஏதோ சொன்னார். அர்த்தம் தெரியாவிட்டாலும் நியாயமாகத்தான் இருந்தது.

பர்சனல் ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடையில ஜி.எம். வாயால சொன்னதை நான் எப்புடிப்பா மாத்தறது? சரி, ஒண்ணு பண்ணு. மைக்ல சொன்னது பொய், எங்கண்ணன் எங்கயும் போகலைன்னு உன் கைப்பட எழுதிக் குடு. ஜி.எம்.கிட்ட வெக்கறேன். நாகராஜ் ஆர்டரை நிறுத்திடலாம்."

எழுதினேன். ஆறு வரி. எட்டாவது பரீட்சையில்கூட நான் அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியதில்லை. 'நான் சொன்னது பொய்' என்று எழுதும்போது கூச்சமாக இருந்தது. சும்மாச் சொல்லக் கூடாது, அதுதான் என் வாழ்க்கையில் நான் சேர்க்காமல் எழுதிய முதல் தாள்.

அண்ணன் அதை வாங்கிக்கொண்டு ஆபீசர் அறைக்குத் திரும்பினான். வாசல் பெஞ்சில் நாகராஜ் உட்கார்ந்திருந்தான். ஆர்டர் வாங்கக் காலையிலேயே வந்துவிட்டான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை, நெற்றியில் விபூதி, கூடவே அவன் அம்மா. அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, "மொதல்ல நீ எடுத்துக்கப்பா ஜாபரு. எம் புள்ள ஆர்டருக்கு" என்று இனிப்பை நீட்டினாள்.

அண்ணன் எடுத்துக்கொண்டான். வாயில் போட்டுக்கொண்டான். என் லெட்டரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். உள்ளே போய், "வேணாம் சார், விட்டுடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

குர்ட் சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். படி இறங்கும்போது அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டார். முட்டிக்காகவா, வேறு எதற்காகவா என்று தெரியவில்லை. கீழே வந்த பிறகும் கேட் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் அவர் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது தன் முட்டியில் மாட்டுகிற பட்டையை அண்ணனுக்குக் கொடுத்தார். அண்ணன் இடுப்புக்கு அது சரியாக இருந்தது. அத்தா அதை இரண்டாக வெட்டித் தன் இரண்டு முட்டிக்கும் மாட்டிக்கொண்டு ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். "ஜெர்மன் சாமான்டா, பத்து வருஷம் தாங்கும்" என்பார்.

அடுத்த வருடம் கம்பெனி டெம்ப்ரவரி ஆட்களை மொத்தமாக நிறுத்தியது. அண்ணன் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். ஆனால் ஊருக்கு அவன் 'ஜெர்மன் ஜாபர்' ஆகிவிட்டான். கிருஷ்ணகிரியில் இருந்து, நாகரசம்பட்டியில் இருந்து எல்லாம் ஜெர்மனி மாப்பிள்ளை என்று தேடிக்கொண்டு பெண் வீட்டார் வந்தார்கள். அண்ணன் ஒவ்வொருத்தரையும் உட்கார வைத்து டீ கொடுத்து உண்மையைச் சொன்னான். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிங்காரப்பேட்டைக்காரர்கள் மட்டும் இரண்டாவது டீயும் கேட்டார்கள். அப்படி வந்தவர்தான் சபீரா அண்ணி. கடைசி வரைக்கும் அண்ணிக்குக் கோபம் வந்தால், "ஜெர்மனின்னு பேரைச் சொல்லி என்னைக் கூட்டியாந்தாங்க. நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டல" என்பார். அண்ணன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, "விசா வந்துனே இருக்குது" என்பான்.

முப்பத்தொரு வயதில் அண்ணனுக்கும் முட்டி போனது. ஏரிக்கரை டீம் அவனையே மேனேஜர் ஆக்கியது. கோட்டுக்கு வெளியே இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டு நிற்பான். கத்த மாட்டான். நான்கு வருடத்தில் ஒரு கோப்பையும் இல்லை. ஆனால் அவன் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள்கூட அவனோடு பேசாமல் இருந்ததில்லை. அந்த விஷயத்தில் குர்ட் சாரை அவன் முந்திவிட்டான்.

போன மாசியில் மஞ்சள் காமாலை வந்தது. பதினெட்டு நாள். முப்பத்தைந்து வயது.

அடக்கம் அன்றைக்குக் காலையில் முனிராஜண்ணன் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மைக்கை என் பக்கம் நீட்டினார். தொழிற்பேட்டைப் பக்கம் அவனோடு ஆடியவர்கள் நிறையப் பேர், எல்லாருக்கும் சேதி போக வேண்டும். ஊரில் எல்லாருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்த வாய், என் அண்ணனுக்கு ஒரு வார்த்தை எடுக்க முடியவில்லை. அண்ணி உள்ளே போய் அண்ணனுடைய தகரப் பெட்டியில் இருந்து இரண்டு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று நான்காக மடித்த என் லெட்டர். இன்னொன்று, மைதானத்தில் நான் தொலைத்துவிட்டேன் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்த தாள். அண்ணன் கையெழுத்து. 'குர்ட். ஃபிட்டர். பதினோரு வருஷம் ஒரே டீம்.'

ஆட்டோவில் ஏறினேன். அதே மாதிரி சொன்னேன்.

"ஜாபர். ஃபிட்டர். வயது முப்பத்தைந்து. பதிமூன்று வருஷம் ஒரே டீம். ரைட் பேக். ஒரு கோல்கூட அடித்தது இல்லை. முட்டி போனது. நான்கு வருஷம் மேனேஜர். இன்று மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

ஏரிக்கரையில் இருந்து தொழிற்பேட்டை கேட் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு போனேன். ஒரு எழுத்து சேர்க்கவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். கம்பெனி கேட்டில் ஷிப்ட் விட்டு வந்துகொண்டிருந்த நாகராஜ் யூனிபாரத்தோடு ஓடிவந்து ஆட்டோவைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, இரண்டு பெண் குழந்தைகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தான். அப்புறம் மூச்சு வாங்கச் சொன்னான்:

"டேய் சாதிக்கு, ஜெர்மனியை விட்டுட்டியேடா."

இரண்டு பேரும் சிரித்தோம். மைக் ஆனில் இருந்தது. ஊரெல்லாம் கேட்டிருக்கும். அதற்கு அப்புறம் வந்த சத்தத்தையும் கேட்டிருப்பார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் பள்ளிவாசலுக்குப் போகிறவராக இருந்தால் ஒரு துஆ. கோயிலுக்குப் போகிறவராக இருந்தால் கற்பூரம் காட்டும்போது ஒரு நினைப்பு. சர்ச்சுக்குப் போகிறவராக இருந்தால் முழங்கால் போடும்போது ஒரு வார்த்தை. எங்குமே போகாதவராக இருந்தாலும் பரவாயில்லை, நின்ற இடத்தில் நின்று கேளுங்கள். என் அண்ணனுக்காக எல்லாரும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். ரைட் பேக் ஜாபர் என்று சொன்னால் போதும்.